பெயர்த்திக்குப் பெயர் எங்கே?

மகனுக்கோ மகளுக்கோ பிறந்த ஆண்பிள்ளையைப் பேரன் என்கிறோம், பெண்பிள்ளையைப் பேத்தி என்கிறோம். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே நாளடைவில் இப்படித் தேய்ந்தன. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே ஒரு கடமையையும் முடிந்து வைத்திருக்கிறது தமிழ். அந்தக் கடமையை நாம் இப்போது செய்கிறோமா என்பதே இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

முதுகுளத்தூர் வட்டாரத்தில் எந்தப் பெண்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டை விரித்தாலும் இன்று கண்ணில் படுபவை ஜெனிஷா, லியோனா, ஷெரின், ரித்திகா போன்ற பெயர்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் இதே பிள்ளைகளின் பாட்டிமார் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்: சவரியாயி, அருளாயி, சூசையம்மாள், மிக்கேலம்மாள், அந்தோணியம்மாள், செபமாலை, அமலோற்பவம், வியாகுலம், பரலோகம். இவற்றைச் சொல்லும்போதே பல மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். தன் பெயர் சவரியாயி என்று அமைந்துவிட்ட ஓரிரு மாணவிகளோ, அதை மறைத்து 'சவரி' என்றும், அதையும் மறைத்து 'ரியா' என்றும் சுருக்கிக்கொள்கிறார்கள். சிரிப்பதற்கும் மறைப்பதற்கும் முன்னால், இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அறிந்துகொள்வது நல்லது. அறிந்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

நம் முன்னோர் வேதத்தில் சேர்ந்த காலத்தில், புனிதர்களின் பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்து வைத்ததோடு நிற்கவில்லை. அவற்றின் பொருளையும் தேடினார்கள். சின்னப்பர் என்றால் யார்? இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். ஆகவே பவுல் அடியார் நமக்குச் சின்னப்பர் ஆனார். எபிரேயத்தில் யோவான் என்பதற்கு ஆண்டவர் அருள் செய்தார் என்று பொருள். ஆகவே அவர் அருளப்பர். கிரேக்கத்தில் ஸ்தேபனோஸ் என்றால் முடி, அதாவது மகுடம். கல்லெறிபட்டு முதலில் மறைசாட்சி முடி பெற்றவர் முடியப்பர். அந்திரேயா என்ற பெயரில் ஆண்மை, வலிமை என்ற பொருள் இருக்கிறது. அவரைப் பெலவேந்திரர் என்று அழைத்தார்கள். இனி உங்கள் ஊரில் சின்னப்பன், அருளப்பன், முடியப்பன், பெலவேந்திரன் என்று யாரேனும் பெரியவரைக் கண்டால், அவர் பெயரில் மூன்று மொழிகள் கைகோத்து நிற்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீரமாமுனிவர் இந்த வேலையைக் காவியத்திலும் செய்தார். தேம்பாவணியில் சூசையப்பரின் பெயர் வளன். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் பெருகுதல் என்ற பொருள் உண்டு. திருமுழுக்கு யோவானின் பெயர் கருணையன். கருணையன் தன் தாயாருக்காகப் புலம்பும் பாடல்களைப் பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் மாணவிகளில் எத்தனை பேர், கருணையன் வேறு யாரோ அல்லர், கோவிலில் நாம் கேட்கும் ஸ்நாபக அருளப்பர்தாம் என்று உணர்ந்து படிக்கிறார்கள்?

உணராததற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. சபைகள் ஒரே வேத புத்தகத்தைக் கையில் எடுத்தது பெரிய நன்மை. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அதில் அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், இராயப்பர் பேதுரு ஆனார். பூசையில் வாசகம் வாசிக்கப்படும்போது, தன் பெயர் கொண்ட அப்போஸ்தலரின் நிருபம்தான் வாசிக்கப்படுகிறது என்பது சின்னப்பன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. பெயர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது; பெயருக்குரியவர் வேறு பெயரில் கோவிலுக்குப் போய்விட்டார். ஞானோபதேச வகுப்பில் ஒரே ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கி, பழைய பெயரையும் புதிய பெயரையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால் போதும். இதை நம் அருட்சகோதரிகளிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

பெயரை விடுவதும் பெயரை ஏற்பதும் இந்தச் சீமையில் விளையாட்டாக நடந்ததில்லை. லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு அரண்மனைச் சூழலில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, மறவ நாட்டுக்கு வந்தபோது அருளானந்தர் ஆனார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரே மனைவியோடு வாழ்வதென்று முடிவு செய்து மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினராய் இருந்ததும், அதனால் எழுந்த சினத்தில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அறிந்த வரலாறு. 1947இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது உலகம் ஜான் டி பிரிட்டோ என்றது. நம் ஊர் மக்களோ பிள்ளைகளுக்கு அருளானந்து என்று பெயர் வைத்து, அருளாந்து என்று கூப்பிட்டார்கள். இத்தாலியரான தெ நொபிலி தத்துவ போதகர் ஆனதும், பெஸ்கி முதலில் தைரியநாதராகிப் பின் வீரமாமுனிவர் ஆனதும் இதே வழியில்தான்.

இப்போது கடற்கரைப் பக்கம் போவோம். அங்கே நடந்தது இதற்கு நேர்மாறு! முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களை ஏற்றார்கள். ஞானத்தந்தையாக நின்றவரின் குடும்பப் பெயரே அந்தக் குடும்பத்துக்கும் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மிராண்டா, மச்சாடு, கொரைரா, மோத்தா, வாஸ், டி குரூஸ் என்று இன்றும் அவை வாழ்கின்றன. ஆக, லிஸ்பனிலிருந்து வந்தவர் தமிழ்ப் பெயர் பூண்டார். தமிழ்க் கடலில் முத்தெடுத்தவர் லிஸ்பன் பெயர் பூண்டார். யாருடைய பெயர் யாருடையது என்று இனி எப்படிப் பிரிப்பது?

இந்தப் பெயர்களைக் கண்டு, 'இவர்கள் தமிழரா, பறங்கியரா?' என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகள் இந்தக் கேள்வியைப் பேருந்திலும் கடைத்தெருவிலும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதிலை நாம் எழுதித் தருகிறோம். இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய மொழி தமிழ். அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டது. அவர் தமிழ் கற்றதும், பாடுபட்டதும், 1600ஆம் ஆண்டு உயிர் துறந்ததும் இந்தப் பெர்னாண்டோக்கள், மிராண்டாக்களுக்கு நடுவில்தான். தூத்துக்குடிக்கு 1927இல் வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவரின் பெயர் குரூஸ் பர்னாந்து. கொற்கை என்ற நாவலுக்காக 2013ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் ஜோ டி குரூஸ். தமிழ்க் கடற்கரையின் மொழியை அவ்வளவு உப்புக் கரிப்போடு எழுதியவர் சிலரே. தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று பெயரைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதே கேள்வியை மேற்குக் கடற்கரையில் கொங்கணி பேசும் கத்தோலிக்கர் இன்னும் கடுமையாகச் சந்தித்தார்கள். அவர்கள் கதையை நாம் அறிவது நமக்கு உதவும். கோவாவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டபோது, ஒரே நாளில் சேர்ந்தவர்கள் ஒரே போர்த்துக்கீசியக் குடும்பப் பெயரைப் பெற்றார்கள். ஒரே குடும்பத்துக் கிளைகள் வெவ்வேறு நாளில் சேர்ந்தால் வெவ்வேறு பெயர் பெற்றதும் உண்டு. அதோடு போகவில்லை. 1684ஆம் ஆண்டு அங்கிருந்த அரசப் பிரதிநிதி ஓர் ஆணை போட்டார்: மூன்று ஆண்டுக்குள் மக்கள் கொங்கணியை விட்டுப் போர்த்துக்கீசியம் பேச வேண்டும். பெயரைக் கொடுத்தாயிற்று, நாவையும் கொடு என்பதே அதன் பொருள். தாய்மார்கள் அந்த ஆணைக்குக் கீழ்ப்படியவில்லை போலும்! அடுப்படியிலும் தாலாட்டிலும் கொங்கணி இருந்துகொண்டே இருந்தது. செபஸ்தியாவோ என்ற போர்த்துக்கீசியப் பெயரை அவர்கள் பொஸ்தியாவ் ஆக்கினார்கள், நாம் செபஸ்தியார் ஆக்கியது போல. தேவநாகரி, உரோமன், கன்னடம், மலையாளம் என்று பல எழுத்துகளில் சிதறி எழுதப்பட்ட அம்மொழியை, 1975இல் சாகித்திய அகாதெமி தனி இலக்கிய மொழியாக ஏற்றது; 1987இல் கோவாவின் ஆட்சிமொழி ஆயிற்று; 1992இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. 2011 கணக்கெடுப்பின்படி கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர் சுமார் 22½ லட்சம் பேரே. தமிழரோ இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 6.9 கோடி. அவ்வளவு சிறிய மொழி, அவ்வளவு பெரிய ஆணையை வென்றது.

கொங்கணித் தாயின் பிள்ளை ஒருவர் நம் கடற்கரை வழியாகப் போயிருக்கிறார். கோவாவின் பெனாலிமில் 1651இல் பிறந்த புனித ஜோசப் வாஸ், தூத்துக்குடி வழியாக 1687இல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் தடை செய்திருந்த காலம் அது. பிச்சைக்காரர் கோலத்தில் போனார். தமிழ் கற்று, தமிழரோடு வாழ்ந்து, 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பிலேயே அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் கொங்கணியர்தாம். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தவர். தபசு காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. அவரை ஈழத் தமிழர் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்தார்கள். போர்த்துக்கீசியப் பெயர் சூட்டப்பட்ட கொங்கணியர், தமிழர் நடுவில் வந்து மறுபடியும் வேறு பெயர் பெற்றார். நம் கடல் இப்படிப் பெயர்களைக் கொண்டுவந்தும் கொண்டுபோயும் கொண்டிருந்தது.

ஆகையால், போர்த்துக்கீசியப் பெயர்கள் அடிமைச் சின்னம், அவற்றைத் துடைத்தெறிய வேண்டும் என்று சிலர் சொல்வதை நாம் ஒப்பவில்லை. நம் வட்டாரத்துச் செவலிலும் கரிசலிலும் விளைகிற முண்டு மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்கச் செடி, போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தது. மிளகை நினைத்து மிளகாய் என்று பெயர் வைத்தோம். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஜன்னலும் சாவியும் மேசையும் அலமாரியும் அவர்கள் சொற்களே. எந்தத் தமிழன் வீட்டு ஜன்னலை அடைத்துவிட்டான்? நானூற்றுச் சொச்சம் ஆண்டு தாங்கிய பெயர் தாங்கியவனுக்கே சொந்தம்.

மாதாவின் பெயர்களும் அப்படியே. பனி என்பதே விழாத தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குக் கோவில் இருக்கிறது. 1982இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கோவில். உரோமைக் குன்றில் ஆகஸ்டு 5ஆம் நாள் பனி பெய்ததாகச் சொல்லப்படும் கதைக்காக, இங்கே வெயிலில் கருத்த பெண்பிள்ளைகளுக்குப் பனிமயம் என்று பெயர். அழகாக இல்லையா? இன்னும் ஒன்று. 1917இல் போர்த்துக்கலின் பாத்திமா என்ற ஊரில் மாதா காட்சி தந்ததை எண்ணி நம்மவர் பாத்திமா மேரி என்று பெயர் வைக்கிறார்கள். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் நபிகள் நாயகத்தின் மகளார் பெயரால் பாத்திமா என்று வைக்கிறார்கள். அந்தப் போர்த்துக்கீசிய ஊர்ப் பெயரே அரபு வழியில் வந்ததுதான். ஒரே பலகையில் இரண்டு பாத்திமாக்கள் உட்கார்ந்து படிப்பது நம் மாவட்டத்தில் அதிசயமல்ல. வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை.

இனி, சற்றுக் கசப்பான இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கோவிலில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்களைப் பற்றியது. ஞானஸ்நானப் புத்தகத்தில் அருளாயி, சான்றிதழில் வேறொருத்தி. இதைச் சிலர் விசுவாசக் குறைவு என்று ஏசுகிறார்கள். ஏசுமுன் சட்டத்தைப் பார்க்கட்டும். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி தாழ்த்தப்பட்டோருக்குரிய சலுகைகள் இந்துக்களுக்கே என்றாயிற்று; 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள்; கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். சேரியில் பட்ட துன்பம் ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிடுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், சட்டத்தைத் தவிர. ஒரு குழந்தை தன் பெயரைச் சொல்லுமுன் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருப்பது பெரிய கொடுமை. அந்தக் குழந்தையைக் கேலி செய்வது அதைவிடக் கொடுமை.

இரண்டாவது, போதும்பொண்ணு. நம் பக்கத்து ஊர்களில் இந்தப் பெயர் இன்னும் அழியவில்லை. மூன்றாவதோ நான்காவதோ பெண்ணாய்ப் பிறந்துவிட்டால், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று வேண்டி வைக்கிற பெயர். வைத்தவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். வழக்கம், நேர்த்தி என்று வைத்துவிடுகிறார்கள். ஆனால் வகுப்பில் எழுந்து தன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், 'நீ வேண்டியிருக்கவில்லை' என்பதை அந்தப் பெண் தன் வாயாலேயே சொல்கிறாள். மராட்டியத்தில் இதேபோல் நகுஷா, அதாவது வேண்டாதவள், என்று பெயர் பெற்ற 280க்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு 2011 அக்டோபரில் சாதாரா மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதிய பெயர் சூட்டியது. அவரவர் விரும்பிய பெயரை அவரவரே தேர்ந்துகொண்டார்கள். இராமநாதபுரத்தில் அப்படி ஒரு விழா நடந்தால் நம் பள்ளி மாணவிகள் முதல் வரிசையில் நின்று கைதட்டுவார்கள். பழைய பெயர்களைக் காக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடிய நாம், இந்த ஒரு பழைய பெயரை மட்டும் காக்கக் கூடாது என்கிறோம். இதில் முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

பெற்றோர் சிலர் கேட்கக்கூடும்: புனிதர் பெயர்தான் வைக்க வேண்டுமா? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவப் பெயர் வைக்கும்படி பார்த்துக்கொள்ளப் பங்குக் குருவைப் பணித்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்கு அன்னியமான பெயர் வைக்கலாகாது என்று மட்டுமே கேட்கிறது. ஆகவே தமிழ்மொழி என்றோ கயல்விழி என்றோ வைக்கத் தடையில்லை. நாம் கேட்பதெல்லாம், வைக்கும் பெயருக்குப் பொருள் தெரிந்து வையுங்கள் என்பதே. எண்கணிதக்காரர் கூட்டிக் கழித்துக் கொடுத்த எழுத்துகளைக் கோத்து, எந்த மொழியிலும் இல்லாத ஒன்றை உண்டாக்கிக் குழந்தையின் தலையில் சுமத்தாதீர்கள். முழுப் பெயராகப் பாட்டியின் பெயரை வைக்கத் தயக்கமானால், இரண்டில் ஒரு பெயராகவாவது அது இருக்கட்டும். அருள் என்பதும் அமலா என்பதும் சவரி என்பதும் எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும் நாணத்தக்கவையா?

எந்தப் பெயரானாலும் ஒன்றையே வைத்து, காலத்தில் பதிந்துவிடுங்கள். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1ஆம் நாளிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதற்கொண்டு பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே போதுமான ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஓர் எழுத்து, சான்றிதழில் ஓர் எழுத்து என்று விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் வாரத்தில் அலுவலக வாசலில் வந்து நிற்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

மாணவிகளே, வரும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துப் போங்கள். பாட்டி, பாட்டியின் அம்மா, அப்பாவின் அத்தை, அம்மாவின் சின்னம்மா என்று எட்டும் வரை பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யாருடைய திருநாளில் பிறந்ததால், எந்த நேர்ச்சையால், எந்தக் கோவிலை எண்ணி அந்தப் பெயர் வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். கண் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் கேளுங்கள். இந்துப் பிள்ளைகளும் இசுலாமியப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுப் பெயர்களை அதேபோல் எழுதி வரலாம். முனியம்மாளுக்கும் ஆமினாவுக்கும் சொல்ல வேண்டிய கதை நிச்சயம் இருக்கும். நோட்டுகளை ஜூலை மாத இறுதிக்குள் தமிழாசிரியையிடம் ஒப்படைத்தால், அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கென்று எட்டுப் பக்கம் ஒதுக்குவதாக இருக்கிறோம்.